ஒரு 'மே'க்கும் ஒரு 'ஷல்'லுக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டால் அப்பா "பார்க்கலாம்" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவிடம் போய் முறையிட்டால், "அதான் அப்பா சொல்லிட்டாருல்ல?" என்பாள். அப்பா என்ன சொன்னார்? பார்க்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அவர் என்ன சொன்னார் என்று தெரியும்.

இதே சொல்லை நண்பன் பேருந்து நிறுத்தத்தில் சொன்னால் 'போய் வருகிறேன்' என்று பொருள். பல் மருத்துவர் சொன்னால் அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும் என்று பொருள். கிரிக்கெட் மைதானத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் "பார்க்கலாமா?" என்றால் அது சவால். அகராதியில் 'பார்' என்ற வினைக்கு இவற்றில் ஒன்றுகூட நேரடியாக இருக்காது. சொல் ஒன்றுதான். யார், யாரிடம், எப்போது, எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பதிலிருந்துதான் நாம் மீதியை எடுத்துக்கொள்கிறோம்.

மொழியியலில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சொல்லும் வாக்கியமும் தம்மளவில் சுமக்கும் பொருளை ஆராய்வது செமான்டிக்ஸ், அதாவது சொற்பொருளியல். பேசுபவர், கேட்பவர், சூழல் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் பொருளை ஆராய்வது பிராக்மாட்டிக்ஸ். சூழற்பொருளியல் என்று சொல்லலாம். அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் மாரிஸ் 1938-ல் குறிகளைப் பற்றிய ஆய்வைப் பிரித்தபோது, குறிகளுக்கு இடையிலான உறவு, குறிக்கும் பொருளுக்குமான உறவு, குறிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்குமான உறவு என்று மூன்றாகப் பிரித்தார். அதில் மூன்றாவதுக்கு அவர் வைத்த பெயர்தான் பிராக்மாட்டிக்ஸ்.

பெயர் புதிது. விஷயம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், பெயரியலில், ஒரு சொல்லின் பொருள் இரண்டு வழிகளில் விளங்கும் என்கிறது. வெளிப்படையாகத் தெரிவது ஒன்று, குறிப்பால் தோன்றுவது இன்னொன்று. இந்தக் 'குறிப்பு' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கட்டுரைக்கு அதுவே தாராளம்.

வீட்டுக்குள் இருக்கும்வரை இதெல்லாம் சுவாரஸ்யமான விஷயம். ஆனால் இந்த 'லாம்' ஒரு நாட்டின் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1963-ல் அது நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தமிழகத் தெருக்களில் அதற்கு உயிர்கள் விலையாகின.

*

கதையை 1949-லிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 14-ம் தேதி, மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு, அரசியல் நிர்ணய சபை ஆட்சிமொழிப் பகுதியை ஏற்றுக்கொண்டது. கே.எம்.முன்ஷியும் என்.கோபாலசாமி ஐயங்காரும் சேர்ந்து உருவாக்கிய சமரசம் அது. ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் இந்தி. ஆனால் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும். அதாவது 1965 ஜனவரி 26 வரை.

343-வது பிரிவு என்று நாம் அடிக்கடி கேட்கும் பிரிவு இதுதான். அதன் இரண்டாவது உட்பிரிவைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த 15 ஆண்டுகளில் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்பதைச் சொல்ல அது எடுத்துக்கொண்ட ஆங்கிலத் துணைவினை 'ஷல்'. சட்ட ஆங்கிலத்தில் 'ஷல்' என்றால் கட்டாயம். தமிழில் 'வேண்டும்'. அதே உட்பிரிவின் பின்பகுதியில், இந்தக் காலத்திலேயே குடியரசுத் தலைவர் ஆங்கிலத்தோடு சேர்த்து இந்தியையும் பயன்படுத்த அனுமதி கொடுக்கலாம் என்று வருகிறது. அங்கே இருப்பது 'மே'. மூன்றாவது உட்பிரிவு, 15 ஆண்டுகள் முடிந்த பிறகும் ஆங்கிலம் தொடர நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. அங்கேயும் 'மே'.

ஆக, 1949-ல் அந்தப் பிரிவை எழுதியவர்கள் இரண்டு சொற்களையும் மேசையில் வைத்திருந்தார்கள். கட்டாயம் வேண்டிய இடத்தில் ஒன்றையும், விருப்பத்துக்கு விட்ட இடத்தில் இன்னொன்றையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1955-ல் பி.ஜி.கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. இந்தியை நோக்கி நகர வேண்டும் என்ற அந்த அறிக்கைக்கு இரண்டு உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் ப.சுப்பராயன். இன்னொருவர் வங்காளத்தின் சுனீதி குமார் சாட்டர்ஜி. இந்திய மொழியியலின் பெரிய பெயர்களில் ஒருவர் அவர். மொழியையே தொழிலாகக் கொண்டவர் இந்த அவசரம் வேண்டாம் என்றார் என்பது சாதாரண விஷயமல்ல.

1959 ஆகஸ்ட் 7-ம் தேதி மக்களவையில் ஜவஹர்லால் நேரு பேசினார். ஆங்கிலத்தையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று பிராங்க் ஆன்டனி கொண்டுவந்த தீர்மானத்தின் மீதான பேச்சு. அதில்தான் நேரு அந்தப் புகழ்பெற்ற வாக்குறுதியைக் கொடுத்தார். மக்களுக்குத் தேவைப்படும் காலம்வரை ஆங்கிலம் கூடுதல் மொழியாக நீடிக்கும். அது எப்போதுவரை என்று முடிவெடுக்கும் உரிமையை இந்தி பேசுபவர்களிடம் அல்ல, இந்தி பேசாதவர்களிடம்தான் விடுவேன் என்றார். தமிழ்நாட்டில் இன்றைக்கும் 'நேருவின் உறுதிமொழி' என்று பேசுவது இதைத்தான்.

*

வாக்குறுதியைச் சட்டமாக்கும் வேளை 1963-ல் வந்தது. ஆட்சிமொழிகள் சட்ட முன்வடிவு. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. முன்வடிவின் மூன்றாவது பிரிவு, 15 ஆண்டுகள் முடிந்த பிறகும் இந்தியோடு கூடுதலாக ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்றது. 'மே' போட்டிருந்தார்கள்.

இப்போது 343-வது பிரிவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து பயன்படுத்தப்படுவது என்ற தொடர் அப்படியே இருக்கிறது. எந்தப் பணிகளுக்கு முன்பு பயன்பட்டதோ அந்தப் பணிகளுக்கு என்பதும் அப்படியே இருக்கிறது. துணைவினை மட்டும் மாறியிருக்கிறது. ஷல் இருந்த இடத்தில் மே.

அதே முன்வடிவில் நான்காவது பிரிவு ஒன்று உண்டு. மூன்றாவது பிரிவு நடைமுறைக்கு வந்து 10 ஆண்டுகள் கழிந்த பிறகு 30 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட குழு அமைக்கப்பட வேண்டும், இந்தியின் முன்னேற்றத்தை ஆராய்வது அதன் கடமை. அங்கே துணைவினை 'ஷல்'. இந்தியை ஆராய்வதற்கு 'வேண்டும்', ஆங்கிலம் தொடர்வதற்கு 'லாம்'. இந்த இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தன.

திமுக உறுப்பினர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1962-ல் மாநிலங்களவைக்குப் போயிருந்த சி.என்.அண்ணாதுரை, இப்போதுள்ள நிலையே காலவரையறையின்றி நீடிக்கட்டும் என்று வாதிட்டார். ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழியாக இல்லாததால் அதன் சாதகமும் பாதகமும் எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்துபோகும் என்பது அவர் தரப்பு. 'மே'யை எடுத்துவிட்டு 'ஷல்' போடுங்கள் என்பது கட்சியின் கோரிக்கை. 'மே' என்றால் தொடரலாம், தொடராமலும் போகலாம் என்றும் ஆகிவிடுமே?

நேருவின் பதில், இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றுதான் பொருள் என்பது.

அதற்கு எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி ஒரே வரி. இரண்டும் ஒன்றுதான் என்றால், 'ஷல்' என்றே போட்டுவிட்டால் என்ன?

கேள்விக்குப் பிறகும் 'மே' அப்படியே இருந்தது. 1963 மே 10-ம் தேதி ஒப்புதல் பெற்று அது சட்டமானது.

*

இந்த ஒரு வரிக் கேள்வியை மொழியியல் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். ஏனென்று சொல்கிறேன்.

பிரிட்டிஷ் தத்துவவாதி பால் கிரைஸ், 1967-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மனிதர்கள் பேசும்போது சொல்லாமலேயே ஒரு உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டுத்தான் பேசுகிறார்கள் என்றார். உண்மையைப் பேசு, தேவையான அளவு சொல், சம்பந்தத்தோடு பேசு, தெளிவாகப் பேசு. இந்த உடன்படிக்கையை எதிராளியும் கடைப்பிடிக்கிறார் என்று நம்புவதால்தான் சொன்னதிலிருந்து சொல்லாததை ஊகிக்கிறோம்.

அதில் 'தேவையான அளவு' என்பது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். "பரீட்சைல சில பேர் பாஸ் ஆயிட்டாங்க" என்று ஆசிரியர் சொல்கிறார். எல்லாரும் பாஸ் ஆகவில்லை என்று உடனே புரிந்துகொள்கிறோம். தர்க்கப்படி பார்த்தால் 'சில' என்ற சொல் 'எல்லாரும்' என்பதை மறுக்கவில்லை. நாற்பது பேரும் பாஸ் ஆகியிருந்தாலும் சில பேர் பாஸ் என்பது பொய்யாகாது. ஆனாலும் ஏன் அப்படிப் புரிந்துகொள்கிறோம்? எல்லாரும் என்ற வலுவான சொல் கையில் இருந்தும் அவர் வலுக்குறைந்த சொல்லை எடுத்திருக்கிறார், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1972-ல் லாரன்ஸ் ஹார்ன் என்ற அமெரிக்க மொழியியலாளர் தன் முனைவர் பட்ட ஆய்வில் இப்படிப்பட்ட சொற்களை ஏணிப்படிகள்போல் அடுக்கிக் காட்டினார். 'சில' கீழ்ப்படி, 'எல்லாம்' மேல்படி. 'லாம்' கீழ்ப்படி, 'வேண்டும்' மேல்படி. கீழ்ப்படியில் நிற்பவன் மேல்படிக்கு ஏற மறுக்கிறான் என்பதும் ஒரு செய்திதான்.

நாடாளுமன்றத்தில் திமுக கேட்டது இதையேதான். மேல்படி பக்கத்தில் இருக்கிறது, அரசியல் சட்டத்திலேயே அதில் கால் வைத்திருக்கிறீர்கள், இப்போது ஏன் கீழ்ப்படிக்கு இறங்குகிறீர்கள்? கிரைஸ் அந்தச் சொற்பொழிவுகளைச் செய்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்த வாதம் டெல்லியில் நடந்து முடிந்துவிட்டது. யாரும் யாரிடமிருந்தும் கற்கவில்லை. பேசத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். கிரைஸ் அதற்கு விதி எழுதினார், அவ்வளவுதான்.

இங்கே நேருவின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர் ஏமாற்றினார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 'மே'க்கு 'ஷல்' என்று பொருள் கொள்ளும் வழக்கம் சட்ட உலகில் உண்மையிலேயே இருந்தது. 1880-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முன் ஒரு வழக்கு வந்தது. ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்போர்டு பிஷப். ஒரு பாதிரியாரின் வழிபாட்டு முறைகள் பற்றிய புகாரை பிஷப் விசாரித்தே ஆக வேண்டுமா என்பது கேள்வி. சட்டத்தில் இருந்த தொடர் அவருக்கு அதிகாரம் கொடுப்பது, கட்டாயப்படுத்துவதல்ல என்று அந்த வழக்கில் தீர்ப்பானது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே கெய்ர்ன்ஸ் பிரபு இன்னொன்றும் சொன்னார். இப்படி அனுமதி தரும் சொற்களோடு, எதைச் செய்ய அதிகாரம் தரப்படுகிறது, எதற்காக, யாருடைய நன்மைக்காக என்பதையெல்லாம் பொறுத்து, ஒரு கடமையும் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்றார். இந்திய நீதிமன்றங்களுக்கும் இந்தக் கோட்பாடு பழக்கமானது.

சரி, 'ஷல்' போட்டிருந்தால் மட்டும் பூட்டு விழுந்திருக்குமா? அதுவும் உறுதியில்லை. 1957-ல் உச்ச நீதிமன்றம் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில், அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 320-வது பிரிவில் வரும் 'ஷல்' கட்டாயமானதல்ல என்று தீர்ப்பளித்தது. கலந்தாலோசிக்கவில்லை என்பதற்காக நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்றது. ஆக, 'ஷல்' சில நேரம் 'மே' ஆகிறது. 'மே' சில நேரம் 'ஷல்' ஆகிறது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை.

அப்படியென்றால் நேரு சொன்னது சரிதானே? இந்தச் சூழலில், என் வாக்குறுதியின் பின்னணியில், 'மே' என்றால் 'ஷல்' என்றுதானே பொருள்?

*

இங்கேதான் சூழல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருடைய சூழல்?

பேசுபவரின் சூழல் ஒன்று. 1959-ல் வாக்குக் கொடுத்தவர் நேரு. அவர் மனதில் அந்த 'மே'க்குப் பின்னால் அந்த வாக்கு நின்றது. இதை சந்தேகப்பட எனக்குக் காரணமில்லை.

கேட்பவரின் சூழல் இன்னொன்று. கேட்டவர்களுக்கு 1938 நினைவிருந்தது. அந்த ஆண்டு சென்னை மாகாணப் பள்ளிகளில் ராஜாஜி அரசு இந்தியைக் கட்டாயமாக்கியது. போராட்டம் வந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் 1939-ல் சிறைவாசத்தில் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 'கட்டாயம்' என்ற சொல்லும் 'விருப்பம்' என்ற சொல்லும் அரசுக் கோப்புக்குள் எப்படி இடம் மாறும் என்று அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டிருந்தார்கள். அப்பாவின் 'பார்க்கலாம்' எனக்கு ஏன் 'முடியாது' என்று கேட்கிறது? முந்தைய பத்து 'பார்க்கலாம்'கள் நினைவிருப்பதால்தான். கேட்பவரின் நினைவும் பொருளில் ஒரு பாதி.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது எழுத்தின் சூழல். குறிப்புப் பொருளுக்கு ஒரு இயல்பு உண்டு என்று கிரைஸ் காட்டினார். அதைப் பேசுபவரே ரத்து செய்ய முடியும். "சில பேர் பாஸ், ஏன், எல்லாருமே பாஸ்" என்று ஆசிரியர் தொடர்ந்து சொன்னால் முந்தைய ஊகம் போய்விடும். பேச்சில் முரண்பாடும் இருக்காது. நேரு அவையில் எழுந்து 'மே' என்றால் 'ஷல்' என்று விளக்கியது இப்படி ஒரு ரத்துதான். 'மே'யிலிருந்து நீங்கள் ஊகிக்கும் 'தொடராமலும் போகலாம்' என்பதை நான் ரத்து செய்கிறேன் என்கிறார். அந்த அவையில், அந்த நாளில், அது செல்லுபடியாகும்.

ஆனால் ரத்து செய்பவர் உடனிருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் 'மே' மட்டும்தான் அச்சாகும். நேருவின் குரல் அச்சாகாது. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அவர் முன் இருப்பது மூன்றாவது பிரிவு. 1959 ஆகஸ்ட் 7-ன் அவைக்குறிப்பைத் தேடிப் படிக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜே.எல்.ஆஸ்டின் என்ற ஆக்ஸ்போர்டு தத்துவவாதியின் சொற்பொழிவுகள் 1962-ல், அவர் இறந்த பிறகு, நூலாக வந்தன. சில வாக்கியங்கள் எதையும் விவரிப்பதில்லை, அவற்றைச் சொல்வதே ஒரு செயல் என்றார் அவர். வாக்குக் கொடுப்பது அப்படிப்பட்டது. "வாக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்வதுதான் வாக்குக் கொடுத்தல். சட்டம் இயற்றுவதும் அப்படியே ஒரு செயல். ஆனால் இரண்டும் ஒரே செயலல்ல. வாக்கு கொடுத்தவரைக் கட்டும். சட்டம் பதவியைக் கட்டும், யார் அதில் உட்கார்ந்தாலும். நேரு சட்டத்தால் செய்ய வேண்டியதை வாக்கால் செய்தார். திமுகவின் குறை அவருடைய நேர்மை பற்றியதல்ல. அவர் எடுத்த கருவி பற்றியது.

1964 மே 27-ம் தேதி நேரு காலமானார்.

*

அதற்கு நான்கு மாதங்கள் முன்பு, 1964 ஜனவரி 25-ம் தேதி, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்திருந்தார். நேரு இறந்த பிறகு அந்தப் பயம் பரவலானது. அடுத்த ஜனவரி 26 நெருங்கியபோது, ஆங்கிலம் தொடரும் என்பதற்குச் சட்டத்தில் இருந்தது ஒரு 'லாம்'. அதற்கு 'வேண்டும்' என்று பொருள் சொன்னவர் இல்லை.

இப்போது யோசித்தால், கல்லூரி மாணவர்கள் ஏன் முன்னணியில் வந்தார்கள் என்பது புரிகிறது. அவர்களுக்கு இது இலக்கணப் பிரச்சினை அல்ல. மத்திய அரசுப் பணித் தேர்வை எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்ற கேள்வி அந்தத் துணைவினைக்குள் இருந்தது. இந்தி தாய்மொழியான ஒருவரோடு இந்தியில் போட்டி போட வேண்டி வருமா? 'வரலாம்' என்று சட்டம் சொன்னால், இருபது வயதில் இருப்பவன் அதை எப்படிப் படிப்பான்?

குடியரசு நாளைத் துக்க நாளாக அனுசரிக்க திமுக அழைப்பு விடுத்தது. முந்தின நாளே அண்ணாதுரையும் மற்ற தலைவர்களும் கைதானார்கள். அதே 25-ம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது. அது மாநிலமெங்கும் பரவியது. 26-ம் தேதி கோடம்பாக்கம் சிவலிங்கம், 27-ம் தேதி விருகம்பாக்கம் அரங்கநாதன் தீக்குளித்தார்கள். அதே 27-ம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி நடுப்பகுதிவரை அது நீடித்தது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 70 பேர். மற்றவர்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

பிப்ரவரி 11-ம் தேதி மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும், மாநிலங்கள் மத்திய அரசோடு ஆங்கிலத்தில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம், அவர்கள் சம்மதமின்றி இது மாறாது, மத்தியப் பணித் தேர்வுகள் ஆங்கிலத்திலும் தொடரும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக அமைதி திரும்பியது. ஆனால் கவனியுங்கள், இதுவும் ஒரு வாக்குதான். ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வாக்கு. ஓராண்டுக்குள், 1966 ஜனவரியில், சாஸ்திரியும் தாஷ்கண்டில் இறந்துபோனார்.

*

1967 மார்ச்சில் அண்ணாதுரை முதலமைச்சரானார். அந்த ஆண்டின் இறுதியில் இந்திரா காந்தி அரசு ஆட்சிமொழிகள் சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது.

திருத்தத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம். 'மே'யை எடுத்துவிட்டு 'ஷல்' போட்டிருப்பார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தை எடுத்துப் படித்தபோது அப்படி இல்லை. மூன்றாவது பிரிவின் முதல் உட்பிரிவில் அந்த 'மே' இன்றைக்கும் இருக்கிறது.

அதைத் தொடாமல் சுற்றிலும் வேலி கட்டினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு தொடர்பு கொள்ள ஆங்கிலமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று ஒரு வரம்புரை. அங்கே 'ஷல்'. தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் போன்றவை இரண்டு மொழிகளிலும் வர வேண்டும். அங்கேயும் 'ஷல்'. கடைசியாக ஐந்தாவது உட்பிரிவு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, அவற்றைப் பரிசீலித்த பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை, இந்த ஏற்பாடுகள் நடைமுறையில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தி பேசாதவர்களிடம் முடிவை விடுவேன் என்று 1959-ல் நேரு வாயால் சொன்னது இதுதானே? அது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு உட்பிரிவானது. பேசியவரின் மனதில் இருந்த குறிப்பைப் பிடித்து வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். இனி அந்த 'மே'யைப் படிக்க நேருவின் நினைவு தேவையில்லை. இரண்டு பத்தி கீழே பார்த்தால் போதும். துணைவினை மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது.

இதனால் எல்லாரும் திருப்தியடைந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வடக்கில் இந்தி ஆதரவாளர்கள் திருத்தத்தை எதிர்த்துப் போராடினார்கள். தெற்கிலும் அதிருப்தி இருந்தது. 1968 ஜனவரி 23-ம் தேதி தமிழக சட்டமன்றம், பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே என்ற இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. 1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று தொடங்குகின்றன. 'நீங்கலாக' என்ற அந்தச் சொல்லுக்கு எந்தக் குறிப்பும் வேண்டாம்.

*

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு வேலைக்கான கடிதம் வந்தது. ஆண்டு இறுதியில் ஊக்கத்தொகை வழங்கப்பட'லாம்' என்று அதில் ஒரு வரி. தொலைபேசியில் கேட்டேன். "அது சும்மா லீகல் லாங்குவேஜ்ங்க, எல்லாருக்கும் கண்டிப்பா கொடுத்துடுவோம்" என்றார் மனிதவளத் துறையில் இருந்தவர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அந்த ஆண்டு கொடுக்கவும் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கடிதத்தைத் திரையில் திறந்து, அந்த ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்துக் காட்டினார். அவர் மேலும் தப்பில்லை. அவர் படித்தது கடிதத்தை, நான் படித்தது ஒரு குரலை.

அன்றைக்குத்தான் 1963-ன் அந்தச் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 70 உயிர்கள் போன விஷயத்தின் பக்கத்தில் என் ஊக்கத்தொகையை வைப்பது அபத்தம், தெரியும். ஆனால் இயங்கும் விதம் ஒன்றுதான். நாள் முழுக்க நாம் குறிப்பால்தான் வாழ்கிறோம். அப்பாவின் 'பார்க்கலாம்' எனக்கு ஒருமுறைகூடத் தவறாகப் புரிந்ததில்லை, ஏனென்றால் அப்பா எதிரிலேயே இருந்தார். அவர் முகம் இருந்தது, பழைய கணக்கு இருந்தது. எதிரில் ஆள் இல்லாத இடத்துக்குப் போகும் சொல்லுக்குத்தான் வேலி தேவைப்படுகிறது.

அதனால் இப்போதெல்லாம் யாராவது "அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினால், சண்டை போடுவதில்லை. நாடாளுமன்றத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறேன்.

"ஒண்ணுதான்னா, அந்த இன்னொண்ணையே எழுதிடுங்களேன்?"